அர்மகெதோன் மேட்டில் ஒரு காலைப்பொழுது

விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரே ஒரு முறை வருகின்ற பெயர் அர்மகெதோன். உலகத்து அரசர்களெல்லாம் கடைசிப் போருக்கு வந்து கூடும் இடமாகப் பதினாறாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. எபிரேய மொழியில் ‘ஹார்’ என்றால் மலை. மெகிதோ மலை என்பதே அர்மகெதோன் ஆயிற்று என்பார்கள் அறிஞர்களில் பலர். மலை என்றதும் நம் கேமரன் மலையை எண்ணிவிட வேண்டாம். தோட்டங்களில் துரை பங்களா நிற்குமே ஒரு மேடு, ஏறக்குறைய அப்படித்தான் அதுவும்.

2019ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அந்த மேட்டில் ஏறி நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நம் நாட்டுக் கடப்பிதழ் இஸ்ரேலுக்குச் செல்லாது என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் யாத்திரை போகும் கிறிஸ்தவர்கள் அரசாங்கத்தின் தனி அனுமதி பெற்றுக் குழுவாகச் சென்றுவர வழியுண்டு. யோர்தான் நாட்டுத் தலைநகர் அம்மானில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனோம். அந்தப் பாலத்தை யோர்தான்காரர்கள் உசேன் மன்னர் பாலம் என்கிறார்கள். இஸ்ரேல்காரர்கள் அலன்பி பாலம் என்கிறார்கள். இந்த அலன்பி யார் என்பது மெகிதோவில்தான் எனக்கு விளங்கிற்று.

மெகிதோ இயற்கையாக அமைந்த மலையன்று. ஓர் ஊர் அழிய, அதன் இடிபாட்டின்மேல் இன்னோர் ஊர் எழ, அதுவும் அழிய, இப்படி இருபதுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உண்டான மேடு அது. 1925 முதல் 1939 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். மாவு பிசைந்து வைத்த தாம்பாளம் போல வட்டமாக ஒரு பழைய கற்பீடம், குதிரைக்குத் தீனி வைத்த கல்தொட்டிகள், பாறையைக் குடைந்து ஊற்று வரைக்கும் போட்ட சுரங்கப் பாதை என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது.

இந்தச் சிறிய மேட்டுக்கு ஏன் இத்தனை சண்டை? மேலே நின்று பார்த்தால் புரிந்துவிடுகிறது. எகிப்திலிருந்து வடக்கே போகும் பழைய பெருவழி, மலைத்தொடரை ஒரு கணவாய் வழியாகக் கடந்து, சரியாக இதன் காலடியில் சமவெளிக்கு இறங்குகிறது. மேட்டைப் பிடித்தவன் வழியைப் பிடித்தான். கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டில் எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோஸ் அந்தக் குறுகலான கணவாயிலேயே படையை நடத்திவந்து வென்றான். யூதாவின் அரசன் யோசியா கி.மு. 609இல் இங்கேதான் மாண்டான். 1918 செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி அலன்பி அதே கணவாய் வழியாகக் குதிரைப்படையை அனுப்பித் துருக்கியரை முறியடித்தார். பிறகு அவருக்குக் கிடைத்த பிரபுப் பட்டத்தில் மெகிதோவின் பெயரும் சேர்ந்துகொண்டது. அந்தக் குதிரைப்படையினரில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். மூன்று நாள் கழித்து ஹைஃபா நகரைப் பிடித்தவர்கள் ஜோத்பூர், மைசூர் குதிரை வீரர்கள். அவர்கள் எந்தத் தீர்க்கதரிசனத்துக்காகவும் வரவில்லை, சம்பளத்துக்கு வந்தவர்கள். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட வந்ததுபோல.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டி நாசரேத் ஊரைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர், அறுபது வயதிருக்கும். மேட்டின் விளிம்பில் அமெரிக்க யாத்திரிகர் கூட்டம் ஒன்று ஏற்கெனவே நின்றிருந்தது. அவர்களில் ஒரு பெரியவர் எங்களைக் கண்டு முகம் மலர்ந்தார். கீழே விரிந்து கிடந்த உழுத நிலத்தைக் காட்டி, “இங்கேதான் நடக்கப் போகிறது. நம் காலத்திலேயே பார்த்துவிடுவோம்” என்றார். ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறித்த மகிழ்ச்சி அவர் குரலில். எங்கள் வழிகாட்டி புன்னகையோடு தலையாட்டினார். இறங்கி வரும்போது என்னிடம், “டீச்சர், அவர் காட்டிய இடத்துக்கு அப்புறம் அந்தக் குன்றுகள் தெரிகிறதல்லவா? அதுதான் நாசரேத். என் பேரப்பிள்ளைகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பின்பும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

அந்த அமெரிக்கப் பெரியவரின் நம்பிக்கை ஆதித் திருச்சபையிலிருந்து அப்படியே வந்ததன்று. அயர்லாந்துப் போதகர் ஜான் நெல்சன் டார்பி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த கணக்கு அது. யூதர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்புவார்கள், விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், ஏழாண்டு உபத்திரவம் வரும், பிறகு அர்மகெதோன் என்று வரிசை போகும். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை விவிலியம் அந்தக் கணக்கை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசென்றது. 1948இல் இஸ்ரேல் பிறந்ததும், 1967இல் பழைய எருசலேம் அதன் கைக்கு வந்ததும், கணக்கு பலிக்கிறது என்று பலர் நம்பினார்கள். 1970இல் ஹால் லின்ட்சி எழுதிய நூல் கோடிக்கணக்கில் விற்றது. அதில் வடக்கிலிருந்து வரும் பகைவன் ரஷ்யா. 1990இல் குவைத் சண்டை வந்தபோது பிரசங்கிகள் ஈராக்கைக் காட்டினார்கள். பின்னர் ஈரான். பகைவனின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, மேடு மட்டும் மாறுவதில்லை!

வீட்டுக்குள் இருக்கும் நம்பிக்கையால் யாருக்கும் தொல்லையில்லை. ஓட்டுப் பெட்டிக்கும் ஆயுதக் கிடங்குக்கும் அது போகும்போதுதான் கவலை. 1984 அக்டோபரில் நடந்த தேர்தல் விவாதத்தில், அணுகுண்டு யுத்தத்தை அர்மகெதோன் என்று கருதுகிறீர்களா என்று அமெரிக்க அதிபர் ரேகனையே நேருக்கு நேர் கேட்டார்கள். அதைப் பற்றி மதப் பெரியவர்களோடு பேசியதுண்டு, ஆனால் அதைக் கொண்டு தாம் எதையும் திட்டமிடவில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தக் கேள்வி எழுந்ததே பெரிது. 2006இல் ஜான் ஹேகி என்ற போதகர் இஸ்ரேலுக்கு ஆதரவாக அமெரிக்கக் கிறிஸ்தவர்களைத் திரட்டும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 2018 மே 14ஆம் நாள் அமெரிக்கத் தூதரகம் எருசலேமில் திறக்கப்பட்டபோது நிறைவு ஜெபம் செய்தவர் அவரே. அதே நாளில் காசா எல்லையில் சுமார் 60 பாலஸ்தீனர்கள் சுடப்பட்டு மாண்டார்கள்.

படைக்குள்ளும் இது புகுந்ததுண்டு. பென்டகனில் உளவுத்துறைப் பெரும் பதவியில் இருந்த ஜெனரல் பாய்கின், இராணுவ உடுப்போடு தேவாலயங்களில் நின்று, நாம் சண்டையிடுவது சாத்தானோடு என்று பேசிவந்தார். 2003இல் அது வெளியே வந்து பெரும் சர்ச்சையாயிற்று. விதி மீறினார் என்று மறு ஆண்டு விசாரணையில் கண்டார்கள். கலிபோர்னியாவின் வேண்டன்பர்க் விமானப்படைத் தளத்தில், அணு ஏவுகணை செலுத்தும் அதிகாரிகளுக்கான நெறி வகுப்பில் விவிலிய வசனங்களைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதிகாரிகள் சிலரே முறையிட, 2011இல் அந்த வகுப்பு நிறுத்தப்பட்டது. விசையில் விரல் வைத்திருப்பவன், உலகம் எரிந்தால் நல்லது என்று நம்பினால் என்ன ஆவது?

இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1969 ஆகஸ்டு 21ஆம் நாள் டெனிஸ் ரோஹன் என்ற ஆஸ்திரேலிய இளைஞன் எருசலேமின் அல் அக்சா பள்ளிவாசலுக்குத் தீ வைத்தான். பள்ளிவாசல் போனால் யூதர் ஆலயம் எழும், கிறிஸ்துவும் விரைவில் வருவார் என்பது அவன் எண்ணம். சலாவுதீன் பெயரால் போற்றப்பட்ட பழம் பிரசங்க மேடை சாம்பலாயிற்று. அவன் புத்தி சுவாதீனமற்றவன் என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீயின் விளைவாக முஸ்லிம் நாட்டுத் தலைவர்கள் அடுத்த மாதமே ரபாத் நகரில் கூடினார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு உருவாயிற்று. அதன் முதல் தலைமைச் செயலாளர் நம் துங்கு அப்துல் ரஹ்மான்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி என்று எண்ணுவது தவறு. கத்தோலிக்கரும் பழைய சபையாரும் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. எருசலேமில் வாழும் நான்கு சபைத் தலைவர்கள் 2006 ஆகஸ்டில் கூட்டறிக்கை விட்டு இதைத் தள்ளினார்கள். அந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் அவர்கள். போர் வந்தால் யார் வீட்டுக் கூரை விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

நம் பக்கம் வருகிறேன். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதிக்கொண்டபோது, கடைசிக் காலம் பற்றிய காணொளிகள் நம் தோட்டத்து லயங்களிலும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. செம்பனைக் குலை வெட்டும் ஒரு தொழிலாளியின் மனைவி பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினாள். மூத்த மகள் ஐந்தாம் படிவம் முடிக்கப் போகிறவள். “டீச்சர், எல்லாம் முடியப்போவுதுன்னு சொல்றாங்களே. இவ மேல்படிப்புக்குன்னு சீட்டுக் கட்டிக்கிட்டு இருக்கேன். அதை எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டுக்கவா?” என்றாள்.

அமெரிக்காவில் ஹரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் 2011 மே 21 என்று நாள் குறித்ததைச் சொன்னேன். அந்த நாள் வந்து போயிற்று. அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் போயிற்று. நாள் குறித்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டு, 2013இல் காலமானார். அவரை நம்பிச் சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு. “சீட்டை எடுக்காதே அம்மா” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னும் நாலு மாசம் கட்டணும்” என்றாள்.

மெகிதோவில் நான் பார்க்கத் தவறிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறைச்சாலை இருக்கிறது. பாலஸ்தீனக் கைதிகள் பலர் அடைபட்டிருக்கும் இடம். 2005இல் அதன் வளாகத்தில் தோண்டியபோது ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழமையான தொழுகைக் கூடத்தின் தளம் கிடைத்தது. வண்ணக் கற்கள் பதித்த தளம், நடுவே மீன் உருவம், சுற்றிலும் கிரேக்க எழுத்து. தளத்துக்குப் பணம் கொடுத்தவன் காயானுஸ் என்ற ரோமாபுரிப் படை அதிகாரி. மேசை செய்து கொடுத்தவள் அகெப்தூஸ் என்ற பெண். ஆயுதம் தூக்கிய ஒருவன் இந்த அர்மகெதோன் அடிவாரத்தில் பந்தி போட்டுச் சாப்பிடத் தளம் அமைத்திருக்கிறான். சிறைக்குள் இருந்ததால் அப்போது எங்களுக்கு அனுமதியில்லை. பின்னர் அதைப் பெயர்த்தெடுத்து 2024இல் வாஷிங்டனுக்குக் காட்சிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் சிறை மதிலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, வழிகாட்டி வாங்கிக் கொடுத்த ரொட்டியும் ஒலிவக் காயும் தின்று பசியாறி, நாசரேத்துக்குப் பேருந்து ஏறினோம்.