வேட்பாளரின் வீட்டுக்காரர்

2021 அக்டோபரில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றவள் என் மனைவி. வேட்புமனு அவள் பெயரில், டெபாசிட் 600 ரூபாய் அவள் பீடிக்காசு, ரோஸ் நிற வாக்குச்சீட்டில் பூட்டு சாவிக்கு நேரே இருந்ததும் அவள் பெயர்தான். ஆனால் தென்காசி பஜாரில் பார்த்தவர்களெல்லாம் "என்ன தலைவரே, எலெக்‌ஷன்ல நிக்கியளாமே" என்று என்னைத்தான் கேட்டார்கள். ஒருத்தரிடமும் நான் திருத்திச் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

2019 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. அதற்கு முந்தின மாதம்தான் தென்காசி தனி மாவட்டமானது. புது மாவட்டங்களுக்கும் அவை பிரிந்துவந்த மாவட்டங்களுக்கும் மட்டும் தேர்தல் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் கல்யாண வீடு, சடங்கு வீடு, எழவு வீடு ஒன்றுவிடாமல் போய்த் தலைகாட்டி வைத்திருந்தேன். கடைசியில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று வந்துவிட்டது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016ல் சட்டம் திருத்தியபோது கைதட்டியவன்தான் நானும். எங்கள் ஊராட்சிக்கு ஒதுக்கீடு வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அவளிடம், "உன் ஆதார் கார்டு எங்க இருக்கு?" என்றேன். நிற்கிறாயா என்று கேட்கவில்லை.

நோட்டீஸில் அவள் படத்தைவிட என் படம் பெரிது. தெருவுக்குள் போனால் அவள் கும்பிடுவாள், நான் பேசுவேன். "யக்கா, குழாய்ல தண்ணி எப்ப வரும்?" என்று பெண்கள் அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவள் வாயைத் திறக்குமுன் "ஜல் ஜீவன்ல வந்துரும்" என்று நான் முந்திக்கொள்வேன். தலைவர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசுவோம்.

அக்டோபர் 7, வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. சனிக்கிழமை ஓட்டுப்பதிவு. நடுவில் இருந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால்தான் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

தொண்டை கட்டிப்போயிருந்தது எனக்கு. வேட்பாளருக்குக் கட்டவில்லை, பேசினால்தானே கட்டும். எட்டு மணி வரை படுத்துக் கிடந்தேன். அதற்குள் அவள் வாசல் தெளித்து, மாவாட்டி, என் சுக்குக் கஷாயத்தை இரண்டு தடவை சூடு பண்ணிவிட்டாள். தார்சாவில் ஆட்கள் வந்து உட்கார்ந்ததும், "ஏளா, ஆறு காப்பி" என்று கட்டின தொண்டையோடு குரல் கொடுத்தேன். பூத் ஏஜென்ட் படிவத்தில் வேட்பாளர் கையெழுத்து வேண்டியிருந்தது. அடுப்படிக்கே கொண்டுபோய் நீட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "இதுல என்ன எழுதிருக்கு?" என்றாள்.

"போடு, சொல்லுதேன்."

போட்டாள். நான் சொல்லவில்லை.

மத்தியானம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தாள். இலையை முந்தின ராத்திரியே நனைத்திருந்தாள். பீடிக்கடைக்குச் சாயங்காலம் எண்ணிக்கை கொடுத்தாக வேண்டும். குற்றாலத்தில் எனக்குச் சிப்ஸ் கடை. கொரோனாவுக்காக அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள், டிசம்பரில்தான் திறந்தார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தத் தட்டால்தான். தார்சாவில் இருந்த ஒருவர், "தலைவரம்மா பீடி சுத்துதாவ" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? எழுந்துபோய், "ஓட்டுக்காரங்க பாத்தா நல்லாவா இருக்கும், உள்ள போய்ச் சுத்து" என்றேன். ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்குப் பீடிதான் பிழைப்பு. அவர்கள் ஓட்டுத்தான் எனக்கு வேண்டும். அவர்களில் ஒருத்தி என்று அவளைக் காட்டிக்கொள்ள மட்டும் வெட்கம்.

12ஆம் தேதி எண்ணினார்கள். தோற்றோம். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் விசாரித்தார்கள், நானும் மூன்று நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோற்றவனாகக் கிடந்தேன். அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பக்கத்து வளவு மதினி மட்டும், என் காதில் விழட்டும் என்றே, "நிக்கவ ஒரு வார்த்த பேசல, யார நம்பிப் போட?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வடக்கே என்னைப்போன்ற ஆளுக்கு 'சர்பஞ்ச் பதி' என்று பெயரே இருக்கிறது. இந்தக் கூத்தை நிறுத்த வழி சொல்லச் சொல்லி மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023ல் ஒரு குழுவே போட்டது. மறு வருஷம் 'தலைவெட்டியான் பாளையம்' தொடர் வந்தது. தேவதர்ஷினி தலைவர், சேத்தன் அவர் வீட்டுக்காரர், அதிகாரமெல்லாம் வீட்டுக்காரரிடம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போன் வந்ததுபோல வெளியே போய்விட்டேன்.

2026 அக்டோபரோடு அந்த ஐந்து வருஷம் முடிகிறது. ஆட்கள் மறுபடி கடைப்பக்கம் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவளிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நின்னா நான்தான் பேசுவேன். நீங்க வீட்டப் பாத்துக்கிடணும். சம்மதமா?"

யோசிச்சுச் சொல்லுதேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.