மலைக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்

"மலைக்கா? என்ன வேலைய்யா குடுத்திருக்காங்க?"

பனியில் ஸ்னோபோர்டு கற்கப் போகிறோம் என்றதும் எங்களில் ஒருவரின் ஆயா கேட்ட கேள்வி இது. வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அட்டை கடித்த தழும்புகள் இன்னும் அவர் காலில் இருக்கின்றன. எங்கள் நால்வர் வீட்டிலும் மலைக்குப் போனவர்கள் கூலிக்குத்தான் போனார்கள். விடுமுறைக்கு மலை ஏறும் முதல் தலைமுறை நாங்கள். அதனாலோ என்னவோ, எந்த மலைக்குப் போவது என்பதே எங்களுக்குள் பெரிய விவாதமாகிவிட்டது. 2023 கடைசியில் நடந்த அந்த விவாதத்தைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்கிறோம். நீங்களும் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கள் முன் மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலங். டெல்லியிலிருந்து இரவுப் பேருந்தில் மணாலி போய்விடலாம், செலவு குறைவு. ஆனால் சரிவு சிறியது. பனி பார்க்க வரும் கூட்டத்துக்கு நடுவே விழுந்து எழப் பழகுவது கடினம்.

இரண்டாவது, உத்தராகண்டின் அவ்லி. புதிதாகக் கற்பவர்களுக்கு நல்ல சரிவு, அரசுச் சுற்றுலா நிறுவனமே பயிற்சி நடத்துகிறது. ஆனால் ஜோஷிமட் வழியாகத்தான் போக வேண்டும். 2023 ஜனவரியில் அந்த ஊரின் மண் இறங்கி 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, அவ்லிக்குப் போகும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. "தாங்க முடியாத மலை மேல நாமளும் போய் ஏறணுமா?" என்றார் ஒரு தோழர். "நாம போகலைன்னா அங்க டீக்கடை வச்சிருக்கவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் இன்னொருவர். இரண்டுமே நியாயம். இன்றுவரை எங்களுக்குள் அந்தக் கேள்வி முடியவில்லை.

மூன்றாவது, காஷ்மீரின் குல்மார்க். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போன்ற புல்வெளி. அங்கிருந்து கண்டோலா இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை, இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல். உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருவது அந்த மேல் சரிவுக்காகத்தான். எங்களில் ஒருவருக்கும் அதே ஆசை. ஆனால் மேலே பெரும்பகுதி சமன்செய்யப்படாத காட்டுப்பனி. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஊரின் பெயரும் புகழும் தேர்ந்தவர்களுக்கானவை. முதல்முறை போகிறவருக்கு வேண்டியது மூன்றுதான்: மெதுவான சரிவு, பொறுமையான ஆசிரியர், விழ இடம். அவை மூன்றும் குல்மார்க்கின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தன. மேலே போவதில்லை என்று எழுதாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் அந்த ஊரை முடிவு செய்தோம்.

ஜனவரியில் போகத் திட்டம். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தது. டிக்கெட் எடுக்காமல் காத்திருந்ததால் தப்பித்தோம். மாதக் கடைசியில் பனி விழத் தொடங்கியது, பிப்ரவரி நடுவில் போய்ச் சேர்ந்தோம். மலையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அந்த ஆண்டின் பனியையும் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

இறங்கியதும் எங்களைச் சூழ்ந்தவர்கள் சறுக்குவண்டிக்காரர்கள். மரப்பலகை வண்டியில் நம்மை உட்காரவைத்து, கயிறு கட்டி மேட்டில் இழுத்துப் போவார்கள். எங்களுக்கு உடம்பு கூசியது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை 1973இல் ஒழித்த மாநிலத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். "ஏற மாட்டோம்" என்றோம், கொஞ்சம் பெருமையாகவே. ஒரு பெரியவர் இந்தியில் கேட்டார்: "நீங்க ஏறலைன்னா நான் எங்க போய் வேலை கேக்குறது?"

பதில் இல்லை. 1973இல் இங்கே வண்டியை மட்டும் ஒழிக்கவில்லை, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவும் கொடுத்தார்கள். எங்கள் கையில் கொடுக்க என்ன இருந்தது? எங்கள் பலகைகளைப் பயிற்சிச் சரிவுவரை அவர் வண்டியில் ஏற்றிவிட்டு, நாங்கள் பக்கத்தில் நடந்தோம். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். அது தீர்வு இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் ஐந்து நாள் கற்றோம். விழுந்துகொண்டே இருந்தோம். ஊர் திரும்பிய சில நாட்களில் அபர்வட்டில் மறுபடி பனிச்சரிவு, ரஷ்யர் ஒருவர் பலி என்று செய்தி வந்தது. மேலே போக ஆசைப்பட்ட தோழர் அன்று முழுக்கப் பேசவில்லை.

போக நினைக்கும் மாணவத் தோழர்களுக்கு: அரசுப் பயிற்சி நிலையங்களை முதலில் விசாரியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் சேர்த்தே கட்டணம் வாங்குவது அங்கே வழக்கம். ஸ்னோபோர்டு உண்டா, ஸ்கீ மட்டும்தானா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இதெல்லாம் நமக்கெதற்கு என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓய்வும் உரிமைதான்.

ஆயாவிடம் படங்களைக் காட்டினோம். எல்லாவற்றிலும் அவர் பேரன் பனியில் விழுந்து கிடந்தான்.

"இப்படி விழுந்தா கூலி புடிப்பாங்களா?"

"இல்ல ஆயா."

"அப்ப நல்லா விழு."