எப்த் ஆற்றங்கரைப் புல்வெளி

பாரிசை விட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பி வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் மனம் அடிக்கடி போய் நிற்கும் இடம், எப்த் ஆற்றங்கரையில் எராஞி என்ற சிற்றூரின் புல்வெளி.

ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ 1884-இல் குடியேறி, 1903-இல் இறக்கும்வரை வீடாகக் கொண்டிருந்த ஊர் அது. வாடகைக்கு இருந்த வீடு 1892-இல் விலைக்கு வந்தபோது கையில் பணமில்லை. ஓவியர் நண்பர் மோனே கொடுத்த 15,000 ஃபிராங்க் கடனில்தான் அதை வாங்க முடிந்தது. மனைவி ஜூலி காய்கறி பயிரிட்டு, கோழியும் முயலும் வளர்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். தோட்டத்துக் களஞ்சியத்தை பிஸ்ஸாரோ ஓவியக்கூடமாக மாற்றிக்கொண்டார். கண்ணோய் முற்றி, காற்றிலும் தூசியிலும் நின்று வரைய முடியாத நாட்களில் சன்னல் வழியே அதே மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து வரைந்தார்.

அவர் வரைந்த மாடுகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நிழலில் கறுப்பே இருக்காது. நீலமும் ஊதாவும் பச்சையுமாகச் சின்னச்சின்னத் தீற்றல்கள். மூக்கு உரசுமளவு நெருங்கினால் மாடு வண்ணத்தில் கரைந்துவிடும். நாலடி பின்னால் வந்தால் தலை குனிந்து மேயத் தொடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேன்-லசார் நிலையத்தில் ரயிலேறி ஜிசோரில் இறங்குவேன். அங்கிருந்து எராஞிக்கு நடைதான். வேலியோரம் நின்றால் ஈரப்புல் வாசனை வரும். மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை இழுத்து அறுக்கும் சரக் சரக் ஓசை கேட்கும். நேரம் போவதே தெரியாது.

அதே புல்வெளி, அதே மரவரிசை, தூரத்தில் பக்கத்து ஊரான பஸங்கூரின் அதே தேவாலயக் கூம்பு. ஏறத்தாழ இருபது வருடம் பிஸ்ஸாரோவுக்கு அது சலிக்கவில்லை. காலையில் ஒரு படம், அந்தியில் ஒரு படம், பனியில் ஒன்று, அறுவடையில் ஒன்று. ஓர் இடத்தை இது போதும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை அந்த வேலியோரத்தில் எனக்கும் கொஞ்சம் வாய்த்திருந்தது. இங்கே வந்தபின் அது கூடவில்லை. நான் விட்டுவந்தது புல்வெளியை மட்டுமல்ல, அந்தப் பொறுமையையும்தான்.

பாரிசுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர்சே அருங்காட்சியகத்தில் பிஸ்ஸாரோவைப் பார்த்த கையோடு, மறுநாள் ஜிசோருக்கு ரயில் ஏறுங்கள். எராஞிவரை நடந்து, அந்தப் புல்வெளி முன் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.