‘இஃப்’ என்னும் சிறு சொல்

மும்பைப் புறநகராகிய பாண்டுப்பில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே நாளில் நான்கு மொழிகள் புழங்குகின்றன. அடுக்களையில் தமிழ், அங்காடியில் மராத்தி, மின்வண்டியில் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வரினும், நம்மவருள் பலர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்ப விழைகின்றனர். அது குறித்து ஈண்டு வழக்காட யான் முற்படவில்லை. ஆங்கிலம் அறியாத பெற்றோர், ஆங்கிலம் பயிலும் பிள்ளைக்குத் துணை செய்ய இயலுமா என்பதே என் சிந்தனை. இயலும் என்பதற்கு, ‘இஃப்’ என்னும் சிறு சொல்லையே சான்றாகக் கொண்டு சில கூற விரும்புகிறேன்.

எங்கள் சாலில் உள்ள பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் ஆங்கிலப் பாடம் சொல்லித் தருகிறேன். கட்டணம் வாங்குவதில்லை, ஆதலின் பிள்ளைகளுக்கு என்னிடம் அச்சமும் இல்லை, கேள்விகள் தாராளமாகப் பிறக்கும். கையில் இருப்பது ரென், மார்ட்டின் என்னும் இருவர் இயற்றிய இலக்கண நூல். அவ்விருவருள் ரென் என்பார் ஒரு காலத்தில் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர். அந்நூலில் ஆண்டுதோறும் பிள்ளைகள் இடறும் இடங்களுள் முதன்மையானது நிபந்தனை வாக்கியம். நாளை மழை பெய்தால் என்பதற்கு, ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதுவர். தவறு என்றால், “நாளைக்குப் பெய்யும் மழை எதிர்காலந்தானே சார்? எதிர்காலத்துக்கு ‘வில்’ போடச் சொன்னதும் நீங்கள்தானே?” என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. விடையோ அவர்கள் வாயிலேயே இருக்கிறது.

‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். இதில் எதிர்காலம் எங்கே? பெய்தது, பெய்தால்; வந்தான், வந்தால்; படித்தான், படித்தால். இறந்தகாலம் காட்டும் உருவம் அப்படியே நிற்க, அதன்மேல் ‘ஆல்’ ஏறி நிபந்தனை ஆகிறது. பழந்தமிழில் பெய்யின், வரின், உண்ணின் என்னும் வடிவமே பெருவழக்கு. தொல்காப்பியர் ‘செயின்’ என்பதை வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாக எண்ணினார். நன்னூலார் அதனை எதிர்காலத்தின்பாற் படுத்தினார். பிற்காலத்து வழக்கில் ஓங்கிய ‘ஆல்’ வடிவமோ, நாளை நடப்பதையும் நேற்று நடந்ததன் உருவில் வைத்தே பேசுகிறது. மராத்தியரும் ‘பாவூஸ் பட்லா தர்’ என்று இறந்தகாலத்தில்தான் கூறுவர். இந்தியிலும் ‘பாரிஷ் ஹுயீ தோ’ என்பது அத்தகையதே. ஆகவே, நிபந்தனை கூறுமிடத்துக் காலம் இடம் பெயர்தல் பாண்டுப்புப் பிள்ளைக்குப் புதிதன்று. மூன்று மொழிகளில் நாள்தோறும் அவன் செய்து வருவதே அது.

ஆங்கிலமும் காலத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆனால் மூன்று படிகளாகத் தள்ளுகிறது.

முதற்படி, நடக்கக் கூடியது. ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, தி டிரெயின்ஸ் வில் பி லேட்.’ நாளை மழை பெய்தால் வண்டிகள் தாமதமாகும். மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். எதிர்காலச் செயல் நிகழ்கால உருவில் நிற்கிறது. ‘வில்’ என்பது பின்பகுதியில் மட்டுமே வரும்.

இரண்டாம்படி, வெறும் கற்பனை. ‘இஃப் திருநெல்வேலி வேர் நியர் பாண்டுப், வீ வுட் கோ ஹோம் எவ்ரி மந்த்.’ திருநெல்வேலி பாண்டுப்புக்கு அருகில் இருந்தால் மாதந்தோறும் ஊருக்குப் போவோம். அருகில் இல்லை, இருக்கப் போவதும் இல்லை. ஆகவே நிகழ்காலத்துக்குரியது இறந்தகால உருவுக்குப் போய்விட்டது.

மூன்றாம்படி, கைநழுவியது. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும் நகரமே முடங்கியதையும் நம்மவர் மறவார். ‘அன்று மழை பெய்யாமல் இருந்திருந்தால் மாலையே வீடு சேர்ந்திருப்போம்’ என்று இன்றும் சொல்வார் உண்டு. ‘இஃப் இட் ஹேட் நாட் ரெயின்ட், வீ வுட் ஹேவ் ரீச்ட் ஹோம்.’ நடந்து முடிந்ததை மாற்ற இயலாமையால், இறந்தகாலத்துக்கும் ஒருபடி பின்னே போய் ‘ஹேட்’ என்று நிற்கிறது.

மூன்றாம்படி தமிழனுக்கு எளிது. ‘இருந்திருந்தால்’ என்பதில் ‘ஹேட்’ அடங்கும். ‘சேர்ந்திருப்போம்’ என்பதில் ‘வுட் ஹேவ்’ அடங்கும். தொல்லை முதலிரண்டு படிகளில்தான். ‘பணம் இருந்தால் ஊருக்குப் போவேன்’ என்று ஒருவர் சொன்னால், பணம் வர வழியுண்டா, இல்லையா? தமிழ் வாக்கியம் அதை வெளியிடுவதில்லை. அவர் குரலும் முகமுமே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்றால் நம்பிக்கை உண்டு. ‘ஹேட்’ என்றால் கையில் இல்லை என்பது வெளிப்படை. நம்பிக்கை இருக்கிறதா என்பதை முகத்தில் காட்டும் வழக்கமுடைய நாம், அதனை ஆங்கிலத்தில் வினைச்சொல்லில் தேடக் கற்க வேண்டும்.

இது தேர்வு மதிப்பெண்ணோடு முடியும் செய்தி அன்று. எங்கள் சாலில் வாழும் அம்மையார் ஒருவர் தம் மகளின் படிப்புக்கு உதவி வேண்டி ஓர் அறநிலையத்துக்கு விண்ணப்பித்திருந்தார். ஒருநாள் கையில் பேடாப் பொட்டலத்தோடு வந்தார். “அண்ணாச்சி, பிள்ளைக்குப் பணம் கிடைச்சாச்சு. இனிப்பு எடுத்துக்கிடுங்க” என்றார். மடலை வாங்கிப் பார்த்தேன். ‘ஹேட் யுவர் அப்ளிகேஷன் ரீச்ட் அஸ் பிஃபோர் தி லாஸ்ட் டேட், வீ வுட் ஹேவ் கன்சிடர்ட் இட் ஃபேவரப்ளி’ என்று இருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமி, விண்ணப்பம் சேர்ந்தது, கடைசி நாளுக்கு முன், சாதகமாகக் கருதினோம் எனத் தனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் கோத்துத் தாய்க்குப் பொருள் கூறியிருக்கிறாள். ‘இஃப்’ என்னும் சொல்லே அங்கு இல்லாமையால், நிபந்தனை என்ற ஐயமும் அவளுக்கு எழவில்லை. ‘ஹேட்’ என்பது வாக்கியத்தின் முதலில் வந்தால் ‘இஃப்’ மறைந்து நிற்கும் என்பதை அவள் அறியாள். “கடைசி நாளுக்குள் வந்து சேர்ந்திருந்தால் கருதியிருப்போம்” என்பதே மடலின் பொருள்.

அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் சொல்லாமல் இருத்தல் ஆகாது. அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். அதற்குள் அடுத்த வாக்கியத்தைப் படித்தேன். ‘இஃப் யூ அப்ளை பை மே நெக்ஸ்ட் இயர்’ என்று அது தொடங்கியது. “அம்மா, முதல் வாக்கியம் போனது போனதே. இது நிகழ்கால உருவில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது என்று பொருள்” என்றேன். மறு ஆண்டு சித்திரை பிறந்தவுடனேயே விண்ணப்பத்தை அனுப்பினார். உதவியும் கிடைத்தது. அச்சிறுமிக்கு மூன்று படிகளும் அதன்பின் ஒருபோதும் மறக்கவில்லை.

நம் வாழ்வை ஆளும் தாள்கள் யாவும் நிபந்தனைகளால் ஆனவை. வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், வங்கிக் கடன் எதை எடுத்தாலும் அங்கே ஒரு ‘இஃப்’ காத்திருக்கும். மகாராட்டிர அரசின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், 2000 சனவரி 1-க்கு முன்பே குடியிருந்தமையை மெய்ப்பித்தால் இலவச வீடு. அதற்குப் பிற்பட்டு, 2011 சனவரி 1 வரை எனின் விலை கொடுத்தே வீடு. ஒரு குடும்பத்தின் கூரையே ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. ‘அன்லெஸ்’ என்றொரு சொல்லும் உண்டு. ‘அன்லெஸ் யூ பே’ என்றாலே பணம் செலுத்தாவிட்டால் என்று பொருள். மறுப்பு அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று இன்னொரு மறுப்பையும் சேர்த்துப் பொருளைத் தலைகீழாக்கிவிடுவர்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டுவதில்லை. பிள்ளை ஒரு மடலையோ பாடத்தையோ படிக்கும்போது அருகில் அமர்ந்து, தமிழில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நடக்கக் கூடியதா? வெறும் கற்பனையா? நடந்திருக்க வேண்டியது நடவாமற் போனதா? விடை கூறுவதற்காகப் பிள்ளை வினைச்சொல்லை உற்றுப் பார்க்கும். பிறகு அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல இயலாததை அது ஆங்கிலத்திலும் விளங்கிக்கொள்ளவில்லை என்று அறியலாம். இதற்குத் தாய்மொழியறிவும் அரைமணி நேரமும் போதும்.

ஊரை விட்டு வந்த நாம், ‘அங்கேயே இருந்திருந்தால்’ என்று மூன்றாம்படியில் நின்று பேசுவதை வழக்கமாகக் கொண்டுவிட்டோம். அதில் குற்றமில்லை, ஊர் நினைவு அப்படிப்பட்டது. ஆனால் நம் மக்கள் முன்னேற வேண்டிய வழிகள் பெரும்பாலும் முதற்படி வாக்கியங்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை அவர்கள் பிழையின்றிப் படிக்கவும், உரிய நாளுக்குள் விடை எழுதவும் துணை நிற்பது நம் கடன்.