மண்ணடிக்கு அரை மணி நேரம்

முகத்துவாரக்குப்பத்திலிருந்து மண்ணடி ஒரு காலத்தில் எங்களுக்கு வெகு தொலைவு. மண்ணடியில் உம்மம்மா வஃபாத்தான அன்று, புறநகர் இரயிலைத் தவறவிட்டுப் பேருந்தில் ஏறினோம். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். பெற்றவளின் முகத்தை இறுதியாகக் காணாத வேதனை உம்மாவை விட்டு நீங்கவேயில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று எங்கள் வடசென்னையின் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. மெட்ரோவோ எங்களைத் தேடித் தாமதமாகவே வந்தது. மண்ணடியின் சுரங்க நிலையம் 2019 பிப்ரவரி 10 அன்று திறக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 14 அன்று அப்பாதை விம்கோ நகர் வரை நீண்டது. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய அந்நிலையத்தில் ஏறினால், உயர்பாதையில் ஓடும் வண்டி புதுவண்ணாரப்பேட்டையைக் கடந்ததும் நிலத்தடிக்கு இறங்குகிறது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் மண்ணடி. ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும்.

உம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இன்னும் மண்ணடியில் தனியே வசிக்கிறார். பாதை திறந்தபின் நான் அவரைக் காணச் சென்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று உம்மாவைத் தடுத்தது சாலை. இன்று என்னைத் தடுப்பது எது?

இரத்த உறவைப் பேணுவது நம்மீது கடமை. தூரம் என்ற சாக்கை அல்லாஹ் அகற்றிவிட்டான். நாளை அவன் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் பெரியம்மாவின் வாசலில் ஸலாம் சொல்லி நிற்பேன்.