ஓசூரில் வீடு விற்பவர் கவனத்துக்கு

ஓசூரில் வீடு விற்பவரின் முதல் பிழை பெரும்பாலும் விலையில்தான் நேர்கிறது. 2024 ஜூனில், ஓசூருக்கு 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் விற்பவர் மனத்தில் விலை ஏறிவிடுகிறது. வாங்க வருபவரோ சிப்காட் ஆலையில் மாதச் சம்பளம் வாங்குபவர், அல்லது பெங்களூரு விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வருபவர். இருவரும் வங்கிக் கடனை நம்பியே வருகிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் நாளைய விமான நிலையத்துக்கு மதிப்புப் போடுவதில்லை. அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயங்களையும் கட்டடத்தின் வயதையும்தான் பார்க்கிறார். விற்பவரும் அவற்றைப் பார்த்தே விலை சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிழை, ஆள் வந்த பிறகு ஆவணம் தேடுவது. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், விற்பவர் பெயரிலான பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது ஆகியவை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். வீட்டுக் கடனை அடைத்த பலர் வங்கியிலிருந்து பத்திரத்தை வாங்கிவருவதோடு நின்றுவிடுகிறார்கள். அடமான ரத்து ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாதவரை, அடைத்த கடனும் வில்லங்கமாகவே தெரியும். வீட்டுவசதி வாரிய வீடு என்றால், ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது. வாரியம் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் வேண்டும்.

மனைப்பிரிவு அங்கீகாரம் ஓசூரில் தனிக் கவனம் கேட்கும் விஷயம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன்பின் 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. பஞ்சாயத்து மனையில் வீடு கட்டியவர், வரன்முறை ஆணை வாங்கியிருக்கிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது, வாங்குபவர் பின்வாங்குவார்.

தந்தை பெயரில் உள்ள வீட்டை மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்பது இன்னொரு பெரும் பிழை. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்துவின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சமபங்கு உண்டு என்கிறது 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம். சீர்வரிசை செய்தாயிற்று என்பதால் மகளின் பங்கு தீர்ந்துவிடாது. கட்டிக்கொடுத்த சகோதரிகளும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும்.

பெங்களூருவிலிருந்து வருபவர், அங்கே வழக்கத்தில் உள்ள 'காத்தா' என்ற சொத்துவரி ஆவணத்தைக் கேட்பார். இங்கே அந்த இடத்தில் பட்டாவும் சொத்துவரி ரசீதும் இருக்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே விளக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இது கர்நாடகத்தைவிட அதிகம். பதிவு நாளன்று இதை அறிந்தவர், அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்வார்.

அட்வான்ஸ் வாங்கும்போது வாய்ப்பேச்சு போதாது. மொத்த விலை, பாக்கி தரும் கெடு, கெடு தவறினால் என்ன என்பதை எழுதி, அந்த ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும். புரோக்கர் கமிஷனையும் அப்போதே பேசி முடித்துவிடுவது நல்லது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமானவரித் துறை அபராதம் விதிக்கலாம். வழிகாட்டி மதிப்பு விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்பின் மீதே ஆதாயவரி கணக்கிடப்படும். விலை 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீத வரி பிடித்துச் செலுத்துவார்; அது விற்பவர் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வந்த ஆதாயத்தை, இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ செலவிட்டால் வரிவிலக்கு உண்டு.

கடைசிப் பிழை மறைப்பது. வற்றிய ஆழ்துளைக் கிணறு, புதுப் பெயின்ட்டுக்குள் ஒளியும் சுவர்க்கசிவு, பக்கத்து வீட்டுக்காரருடனான எல்லைத் தகராறு ஆகியவை எப்படியும் வெளிவரும். சாதாரணக் கவனத்தில் தெரியாத குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே உள்ள கடமை. வாங்குபவர் ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பை அந்த வீட்டில் போடுகிறார். விலைக்கு ஆள் தேடுமுன் பத்திரக் கட்டைப் பிரித்துக் குறைகளைத் தீர்த்துவைப்பதும், தீராதவற்றை மறைக்காமல் சொல்வதும் அந்தக் குடும்பத்துக்கு விற்பவர் செய்ய வேண்டிய நியாயம்.