தறிக்குழிக்குள் ஒரு கால்

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்ற பழமொழியை வெளியூர் நண்பர்கள் சோம்பேறிகளைப் பற்றிய கேலியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தறிக்குழிக்குள் காலை இறக்கி, மிதிபலகைகளை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பட்டு நெய்ய முடியும் என்று விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. என் பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படிக் காலாட்டிப் பிழைத்தவர். அவருடைய வலது காலில் யானைக்கால் நோய் இருந்தது.

பள்ளி விடுமுறைகளில் அவரருகே அமர்ந்து, கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளிக்கொடுப்பது என் வேலை. குழிக்குள் எப்போதும் ஈரமும் இருட்டும் இருக்கும். கொசுக்களும் உண்டு. ஆனால் நோய் அங்கேதான் பிடித்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பது, உறக்கத்திலேயே கடித்திருக்கலாம். நோய்ப்புழுவின் குஞ்சுகளும் இரவில்தான் இரத்தத்தில் உலவ வருகின்றன. அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ஊர் உறங்கும் நேரத்தில் விரல்நுனியில் இரத்தம் எடுக்க வருவார்கள். சிறுவர்கள் நாங்கள் பரணில் ஏறி ஒளிந்துகொள்வோம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று பெரியப்பா தறியை விட்டு எழவேயில்லை. அவசர வேலை என்றார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு யாராவது தறியில் உட்காருவார்களா? வந்தவர்கள் அவர் தொழில்பக்தியை வியந்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலை மறைக்கத் தறிக்குழியைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

1997இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிப்பதென்று தீர்மானித்தது. 2004 முதல் இந்தியாவில் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளன். 'சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்கிறேன் அம்மா' என்று அந்தப் பெண்ணிடம் வாங்கிப் புத்தக அலமாரியில் வைத்தேன். போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. மஞ்சள்நீர்க் கால்வாயில் கழிவு தேங்கிக் கிடக்க, ஜெனீவாவில் வகுத்த திட்டத்துக்காக நான் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்? புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை, பி.கே. ராஜகோபாலன் தலைமையிலிருந்த நோய்க்கடத்தி ஆய்வு மையம் கொசு பிறக்குமிடங்களையே தேடித் தேடிச் சீர்செய்து யானைக்கால் நோயை எதிர்கொண்டது. அதைப் படித்துவிட்டு, மண்ணறிந்த வழி இதுவே என்று கல்லூரி மேடையில் முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது.

பெரியப்பா ஆண்டுதோறும் மாத்திரை போட்டுக்கொண்டார். வீங்கி இறுகிவிட்ட காலை அது வடியவைக்காது என்பது அவருக்குத் தெரியும். 'பின்னே எதற்கு?' என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னைக் கடிச்ச கொசு உன் பிள்ளையைக் கடிக்கும்லடா. அதுக்குத்தான்" என்றார்.

அவர் இரத்தத்தில் அப்போது கிருமி இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று பின்னாளில் ஒரு மருத்துவ நண்பர் சொன்னார். கால் பெருத்தவர்களின் இரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகள் தென்படுவதில்லையாம். அவற்றைச் சுமப்பவர்களில் பலர் வெளியே எந்தக் குறியும் இல்லாமல் நடமாடுபவர்கள். அதாவது என்னைப் போன்றவர்கள். பெரியப்பாவின் காரணம் அவருக்குப் பொருந்தியதைவிட எனக்கே அதிகம் பொருந்தியது.

கணக்கும் எனக்கெதிராகவே இருந்தது. மாத்திரை, இரத்தத்திலுள்ள குஞ்சுகளைக் குறைக்கும். வளர்ந்த புழுக்கள் பல தப்பிவிடும். ஆகவே ஊரில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேராவது ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து விழுங்க வேண்டும். கொசுவை மட்டும் ஒழித்து நோயை நிறுத்துவதென்றாலோ, புழுவின் ஆயுளான அந்த ஐந்தாறு ஆண்டுகளும் ஒரு வாரம்கூட அசராமல் சாக்கடைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

அந்நியம் என்று நான் ஒதுக்கிய மாத்திரைக்கும் ஒரு பூர்விகம் இருந்தது. அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் 1940களில் அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

ஆனால் எந்த மாத்திரையும் செய்யாத ஒன்றைப் பெரியப்பாவுக்குச் செய்தவர் ஒரு செவிலியர். பிளாஸ்டிக் தொட்டியில் காலை வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துணியால் ஒற்றச் சொல்லிக்கொடுத்தார். வெடிப்புகளின் வழியே கிருமி புகுவதால்தான் அடிக்கடி காய்ச்சலும் நெறிகட்டலும் வருகின்றன என்றார். இருபது ஆண்டுகளாக மாதம் தவறாமல் வந்த காய்ச்சல், தினமும் கழுவத் தொடங்கியபின் வெகுவாகக் குறைந்தது. அத்தனை ஆண்டுகள் ஒரு சோப்புக்கட்டியை யாரும் நினைக்கவில்லை, வீட்டிலிருந்த நாங்களும்தான்.

2016இல் இலங்கை இந்நோயைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா 2015 என்று முதலில் குறித்த இலக்கு தள்ளித்தள்ளி இப்போது 2027இல் நிற்கிறது. 

பெரியப்பா இறந்தபின் அவர் தறியைப் பிரித்தார்கள். குழியை மண்ணிட்டு மூடும்போது நானும் இரண்டு கூடை கொட்டினேன். அந்தத் தொட்டியை என்ன செய்வதென்று பெரியம்மா கேட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் இருக்கிறார், அவரும் நெசவாளர்தான். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுவும் முறையையும் சொன்னேன். 'நீ வாத்தியார்தானே, டாக்டரா?' என்று கேட்டபடியே வாங்கிக்கொண்டார்.